வந்தவரைக் கேட்காதீர்கள், போனவரைக் கேளுங்கள்: லேக்கர்ஸ் டிரேட் வினாடி வினா

வாசகர் ஒருவரின் கேள்வி: "நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை வினாடி வினா நடத்துகிறோம். அடுத்த முறை நான்தான் நடத்தணும். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி டிரேடில் வாங்கிய வீரர்களை வைத்து ஒரு சுற்று, பத்துக் கேள்வி. போன தடவை வேறொருவர் இதே மாதிரி செய்யப் போய், கோபி பிரையன்ட் டிரேடில் வந்தவரா இல்லையா என்று அரை மணி நேரம் சண்டை. யாரைச் சேர்க்கலாம், யாரை விடலாம்? சண்டை வராமல், அதே சமயம் சட்டென்று விடை சொல்லிவிட முடியாத மாதிரி எப்படிக் கேட்பது?"

முதலில் சண்டையைத் தீர்த்துவிடுவோம். கோபி டிரேடில் வந்தவர்தான். 1996 ஜூன் 26 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) 13-வது ஆளாக அவரை எடுத்தது ஷார்லட் ஹார்னெட்ஸ். அவர் அந்த அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு சிரித்த படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவரை லேக்கர்ஸுக்கு அனுப்புவது என்று முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்கள். பதிலுக்குப் போனவர் விளாடே டிவாட்ஸ். அவர் போகமாட்டேன், ஆட்டத்தையே விட்டுவிடுவேன் என்று முரண்டு பிடித்து, பிறகு இறங்கி வந்தார். அதிகாரப்பூர்வமாகக் காகிதத்தில் ஏறியது ஜூலை 11. ஆக, "கோபியை டிராஃப்ட் செய்த அணி எது?" என்றால் ஷார்லட். "கோபி எந்த அணிகளுக்கு ஆடினார்?" என்றால் லேக்கர்ஸ் மட்டும். உங்கள் நண்பர்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே விடை தேடியிருப்பார்கள், அதனால்தான் அரை மணி நேரம்.

ஒரு வீரர் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணிக்குள் வர வாசல்கள் சில உண்டு, அதைத் தெளிவாக வைத்துக்கொண்டால் போதும். ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. டிராஃப்டில் எடுக்கலாம், ஒப்பந்தம் முடிந்து சும்மா இருப்பவரை, அதாவது ஃப்ரீ ஏஜென்டை, நேராக ஒப்பந்தம் போட்டு எடுக்கலாம், இன்னொரு அணியோடு ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம், அதுதான் டிரேட். டிரேடில் ஆளைத்தான் மாற்றணும் என்றில்லை, வருங்கால டிராஃப்டில் ஆள் எடுக்கும் உரிமையையும் (இதைத்தான் பிக் என்கிறார்கள்) கொடுக்கலாம், வாங்கலாம். குழப்பம் எல்லாம் இந்தக் கடைசி விஷயத்தில்தான்.

ஷகீல் ஓநீல் (ஷாக்), லெப்ரான் ஜேம்ஸ், கார்ல் மலோன், கேரி பேட்டன் ஆகிய நான்கு பேரையும் உங்கள் சுற்றிலிருந்து முதலிலேயே எடுத்துவிடுங்கள். நால்வரும் ஃப்ரீ ஏஜென்டாக வந்தவர்கள். ஆனால் ஷாக்கை அப்படியே தூக்கி எறிந்துவிட வேண்டாம், அவர் வேறு விதத்தில் பயன்படுவார், கீழே சொல்கிறேன்.

மேஜிக் ஜான்சன், ஜேம்ஸ் வொர்தி இருவரிலும் கவனம் தேவை. இருவரையும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்தது லேக்கர்ஸ்தான், ஆனால் அந்த இரண்டு பிக்குமே முதலில் அவர்களுடையது இல்லை, வேறு அணிகளிடமிருந்து வந்தவை. 1976-ல் கெயில் குட்ரிச் ஃப்ரீ ஏஜென்டாக நியூ ஆர்லியன்ஸ் ஜாஸுக்குப் போனார். அப்போதைய விதிப்படி ஆளை இழந்த அணிக்கு நஷ்ட ஈடு தரணும், அதில் வந்ததுதான் மேஜிக்கை எடுத்த 1979-ஆம் ஆண்டு பிக். அந்தப் பருவத்தில் ஜாஸ் படுமோசமாக ஆடியது, அதனால் அந்தப் பிக் டிராஃப்டின் உச்சிக்கே வந்தது. முதல் பிக் யாருக்கு என்று லேக்கர்ஸுக்கும் சிகாகோ புல்ஸுக்கும் நடுவே நாணயம் சுண்டினார்கள், சிகாகோ 'தலை' கேட்டது, பூ விழுந்தது. இதை டிரேட் என்று கேட்டால் சட்டம் பேசுகிற நண்பர் ஒருவர் கட்டாயம் எழுந்து நிற்பார். நஷ்ட ஈடு என்றே சொல்லிக் கேளுங்கள்.

வொர்தி விஷயம் சுத்தமான டிரேட். 1980 பிப்ரவரியில் டான் ஃபோர்டையும் அந்த வருடத்து முதல் ரவுண்ட் பிக்கையும் கிளீவ்லண்டுக்குக் கொடுத்து, புட்ச் லீயையும் கிளீவ்லண்டின் 1982 முதல் ரவுண்ட் பிக்கையும் வாங்கினார்கள். 1982-ல் லேக்கர்ஸ் சாம்பியன். கோப்பையைத் தூக்கிய சில வாரங்களில் டிராஃப்டின் முதல் பிக்கும் அவர்கள் கையில்! இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிளீவ்லண்டின் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால்தான், அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்கு முதல் ரவுண்ட் பிக்கே இல்லாத நிலைக்கு ஓர் அணி போகக் கூடாது என்று விதி வந்தது, அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதனால் வொர்தி டிரேடையும் அவர் கணக்கில் எழுதுகிறவர்கள் ஏராளம். அவர் அணியை வாங்கியது அந்த டிரேடுக்குப் பிறகு. பாவம், செய்த தப்பு போதாதென்று செய்யாததையும் சுமக்கிறார்.

இனி கேள்விகளுக்கு வருவோம். "கரீம் அப்துல்-ஜபார் எந்த அணியிலிருந்து லேக்கர்ஸுக்கு வந்தார்?" என்று கேட்டால் கூடைப்பந்து கொஞ்சம் தெரிந்தவர்கள்கூட மில்வாக்கி என்று சொல்லிவிடுவார்கள். வந்தவர் எப்போதும் பிரபலமானவர், அவரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். பதிலுக்குப் போனவர்களைக் கேளுங்கள். 1975 ஜூனில் கரீமுக்காகப் போனவர்கள் எல்மோர் ஸ்மித், பிரையன் வின்டர்ஸ், டேவ் மேயர்ஸ், ஜூனியர் பிரிட்ஜ்மேன். கரீமோடு வால்ட் வெஸ்லியும் வந்தார், அவரை யாருக்கும் நினைவிருக்காது. இந்த நால்வரில் எத்தனை கேள்வி இருக்கிறது பாருங்கள். எல்மோர் ஸ்மித் 1973 அக்டோபரில் லேக்கர்ஸ் சட்டையில் போர்ட்லண்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 17 ஷாட்களைத் தடுத்தார், பிளாக் கணக்கெடுக்கத் தொடங்கிய அந்தப் பருவத்திலேயே வந்த சாதனை, இன்னும் உடையவில்லை. வின்டர்ஸின் 32, பிரிட்ஜ்மேனின் 2 ஆகிய எண்களை இனி யாருக்கும் தருவதில்லை என்று மில்வாக்கி கௌரவித்தது. பிரிட்ஜ்மேன் ஆட்டத்தை விட்டபின் துரித உணவுக் கடைகளைக் கிளை கிளையாக வாங்கி நடத்திப் பெரும் பணக்காரரானார், 2024-ல் அதே மில்வாக்கி அணியில் பத்து சதவீதப் பங்கை வாங்கினார், 2025 மார்ச்சில் காலமானார். "கரீமுக்காகக் கொடுக்கப்பட்டு, பிற்காலத்தில் தான் போய்ச் சேர்ந்த அணியிலேயே பங்கு வாங்கியவர் யார்?" இந்த ஒரு கேள்விக்கே மேசை அமைதியாகிவிடும்.

வில்ட் சேம்பர்லேன் கதை இன்னும் ருசி. 1968-ல் ஃபிலடெல்ஃபியா 76-யர்ஸிடமிருந்து அவரை வாங்கினார்கள், அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் விருது அவர் கையில் இருந்த நேரத்தில். போனவர்கள் ஆர்ச்சி கிளார்க், ஜெர்ரி சேம்பர்ஸ், டாரல் இம்ஹாஃப். யார் இந்த இம்ஹாஃப்? 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் வில்ட் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தாரே, அன்று நியூயார்க் நிக்ஸ் சார்பில் அவரைத் தடுக்க நிறுத்தப்பட்ட சென்டர் (கூடைக்கடியில் நிற்கும் உயரமான ஆட்டக்காரர்) இவர்தான். வழக்கமான சென்டர் ஆட முடியாமல் போனதால் வந்து மாட்டிக்கொண்டார், இருபது நிமிடத்தில் ஃபவுல் கணக்கு நிறைந்து வெளியேறியும் விட்டார். ஆறு வருடம் கழித்து அதே வில்டுக்கு விலையாகவும் போனார். இம்ஹாஃபை எப்படி வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் தயவுசெய்து முதல் கேள்வியாக வைத்து வீணாக்காதீர்கள்.

இப்போது ஷாக். அவர் வந்தது டிரேடில் இல்லை, போனது டிரேடில். 2004 ஜூலையில் மயாமிக்குப் போனபோது பதிலுக்கு வந்தவை லமார் ஓடம், காரோன் பட்லர், பிரையன் கிரான்ட், கூடவே பிக்குகள். அதில் முதல் ரவுண்ட் பிக்கில் 2006-ல் ஜோர்டன் ஃபார்மாரை எடுத்தார்கள். பட்லரை 2005-ல் வாஷிங்டனுக்குக் கொடுத்து குவாமி பிரவுனை வாங்கினார்கள். குவாமி பிரவுனை 2008 பிப்ரவரி 1 அன்று மெம்ஃபிஸுக்குக் கொடுத்து பாவ் கசோலை வாங்கினார்கள். 2009, 2010 இரண்டு கோப்பைகளிலும் ஓடம், ஃபார்மார், கசோல் மூவரும் இருந்தார்கள். மூவருமே ஏதோ ஒரு வழியில் ஷாக்கின் பேரப்பிள்ளைகள்! இந்தச் சங்கிலியை நான் கரும்பலகையில் எழுதி நடுவில் ஒரு பெயரை மட்டும் காலியாக விட்டுக் கேட்பது வழக்கம். பெரும்பாலும் பட்லரில்தான் தடுமாறுவார்கள்.

கசோல் டிரேடை ஒட்டியே நான்கைந்து கேள்வி தேறும். 2001 டிராஃப்டில் முதல் ஆள் குவாமி பிரவுன், மூன்றாம் ஆள் பாவ் கசோல், ஆக ஒரே டிராஃப்டின் ஒன்றையும் மூன்றையும் மாற்றிக்கொண்ட டிரேட் அது. போனவர்களில் ஆரன் மெக்கீயும் உண்டு. சம்பளக் கணக்கு இரண்டு பக்கமும் பொருந்தணும் என்பதற்காகவே அவரை ஒப்பந்தம் போட்டுப் பொட்டலத்தில் சேர்த்தார்கள், மெம்ஃபிஸுக்கு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அப்புறம் பாவின் தம்பி மார்க் கசோல். 2007 டிராஃப்டில் 48-வது ஆளாக லேக்கர்ஸ் எடுத்து உரிமையை வைத்திருந்த பையன், அண்ணனுக்காகத் தம்பியைக் கொடுத்தார்கள். அன்று இந்த டிரேடைப் பார்த்து மெம்ஃபிஸை ஊரே சிரித்தது. தம்பி 2013-ல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார், 2015 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் பந்தை மேலே வீசியதும் எதிரெதிரே நின்று குதித்தவர்கள் இந்த அண்ணன் தம்பிதான், 2019-ல் டொரன்டோவோடு கோப்பையும் வென்றார். மெம்ஃபிஸ் அப்படியொன்றும் ஏமாந்துவிடவில்லை என்பது என் கட்சி, ஆனால் அதைக் கேள்வியாக வைக்காதீர்கள், அபிப்பிராயத்துக்கு மதிப்பெண் போட முடியாது.

2025-ல் லூகா டோன்சிச் வந்த டிரேட் உங்கள் நண்பர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029 முதல் ரவுண்ட் பிக் டாலஸுக்கு. லூகாவோடு மேக்ஸி கிளீபர், மார்கீஃப் மோரிஸ் இந்தப் பக்கம். யூட்டாவும் இதில் கூட்டாளி. நேராகக் கேட்டால் சுலபம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "பாவ் கசோலுக்கும் லூகா டோன்சிச்சுக்கும் டிராஃப்டில் என்ன ஒற்றுமை?" இருவரையும் மூன்றாம் ஆளாக எடுத்தது அட்லான்டா ஹாக்ஸ், இருவரையும் அன்றே வேறு அணிக்கு அனுப்பியதும் அதே அட்லான்டா. 2018-ல் லூகாவுக்காக டாலஸ் கொடுத்தது டிரே யங்கையும் ஒரு முதல் ரவுண்ட் பிக்கையும். அந்தப் பிக்கில் 2019-ல் தேர்வானவர் கேம் ரெடிஷ். லூகா லேக்கர்ஸுக்கு வந்து இறங்கியபோது ரெடிஷ் அங்கேதான் இருந்தார்.

தேதி கேட்காதீர்கள், வருடம் கேளுங்கள். லூகா செய்தி வெளியானபோது லாஸ் ஏஞ்சலஸில் பிப்ரவரி 1 இரவு, நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டி 2, இந்தியாவில் 2-ஆம் தேதி காலை. ஆந்தனி டேவிஸ் டிரேட் 2019 ஜூன் நடுவில் பேசி முடிந்தது, காகிதத்தில் ஏறியது ஜூலை 6. நான் ஒருமுறை மாதத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு மேசைக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டியதாயிற்று.

நடக்காத டிரேடுகளும் கண்ணி வைக்கும். 2011 டிசம்பரில் கிறிஸ் பால் லேக்கர்ஸுக்கு வருவதாக முடிவாகி, அப்போது நியூ ஆர்லியன்ஸ் அணியை லீகே வைத்திருந்ததால் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் அதை நிறுத்திவிட்டார். 2025 பிப்ரவரியில் மார்க் வில்லியம்ஸ் டிரேட் அறிவிப்பே வந்துவிட்டது, உடல் பரிசோதனைக்குப் பிறகு லேக்கர்ஸ் ரத்து செய்தது. "இவர்களில் லேக்கர்ஸ் டிரேடில் பெறாதவர் யார்?" என்று நான்கு பெயர் கொடுக்கும் கேள்விக்கு இந்த இருவரும் தங்கம்.

ஒன்பதாவது கேள்வியாக இதை வையுங்கள், எனக்கு மிகவும் பிடித்தது. 2002 மேற்குப் பிரிவு இறுதிச் சுற்று, நான்காம் ஆட்டம், சேக்ரமென்டோ இரண்டு புள்ளி முன்னால், கடைசி நொடி. கூடைக்கடியில் இருந்த பந்தை ஆபத்தில்லாத இடத்துக்கு என்று நினைத்து வெளியே தட்டிவிடுகிறார் ஒருவர். அது நேரே ராபர்ட் ஹோரி கைக்குப் போகிறது, அவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிய, லேக்கர்ஸ் 100-99. ஹோரி 1997 ஜனவரியில் ஃபீனிக்ஸிலிருந்து டிரேடில் வந்தவர், அங்கே பயிற்சியாளர் மேல் துண்டை வீசி எறிந்ததைத் தொடர்ந்து. பந்தைத் தட்டிவிட்டவர் யார்? கோபிக்குப் பதிலாக லேக்கர்ஸ் அனுப்பிவைத்த விளாடே டிவாட்ஸ்.

இரண்டு மேசை சமமாக நின்றால், கோபி டிராஃப்டில் தேர்வானதற்கும் டிரேட் அதிகாரப்பூர்வமானதற்கும் நடுவே எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், நெருங்கி வந்தவருக்கு வெற்றி. விடை 15.