1977 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறுகிறது. ஏர் பம்ப், கேனிஸ்டர் (பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் டப்பா) எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் போடலாமா?

கலிபோர்னியாவில் பதிவான கார் என்றால் கை வைக்காதீர்கள். அங்கே 1975 வரையிலான மாடல்களுக்குத்தான் ஸ்மாக் சோதனை (புகைச் சோதனை) இல்லை. 1976 மாடலிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உண்டு. புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பானெட்டைத் திறந்ததும் ஏர் பம்ப் இல்லையென்றால் ஃபெயில்தான். மற்ற மாநிலங்களிலும் கழற்றுவதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது.

அதோடு, உங்கள் திணறலுக்கு ஏர் பம்ப் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. எரியாமல் வந்த பெட்ரோல் எக்ஸாஸ்ட் போர்ட்டிலேயே எரிவதற்காக அது காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். அதை எடுத்தால் பவர் கூடும் என்று நம்பிச் செலவழிக்காதீர்கள்.

காரில் இருக்கும் ஒற்றை ஜெனித்-ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரைப் பாருங்கள். முதலில் டேஷ்பாட் (கார்புரேட்டரின் மேலே எண்ணெய் நிற்கும் குழாய்) எண்ணெய். எஸ்ஏஇ 20 எண்ணெய் விட்டு டேம்பரை (மூடியோடு சேர்ந்த தண்டு) இறக்கினால், மூடியின் மரை பிடிக்கக் கால் அங்குலம் இருக்கும்போதே கையில் எதிர்ப்பு தட்டுப்பட வேண்டும். நிரப்பிய எண்ணெய் ஒரே வாரத்தில் காணாமல் போனால், உள்ளே பெட்ரோலை அளந்து விடும் ஊசியைத் திருப்பும் பாகத்தின் ஓ-ரிங் போய்விட்டது.

அடுத்தது டயாஃப்ரம், அதாவது கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கும் ரப்பர் சவ்வு. மேல் மூடியைக் கழற்றி, ரப்பரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். சின்னக் கிழிசல் இருந்தாலே பிஸ்டன் முழுதாக ஏறாது, வண்டி இழுக்காது. புதியது போடும்போது அதன் சிறிய நாக்கு பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். பலர் இதை மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்று அளவு) சரிசெய்யும்போதுதான் கிழிக்கிறார்கள். டேஷ்பாட்டுக்குள் வெறும் ஆலன் கீயை விட்டுத் திருகினால் பிஸ்டனும் சேர்ந்து சுழலும், ரப்பர் முறுக்கிக் கிழியும். பிஸ்டனை அசையாமல் பிடிக்கும் வெளிக்குழாயோடு வரும் டூலையே பயன்படுத்துங்கள். வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் கூடும், இடப்பக்கம் குறையும்.

புகையில் சிஓ (கார்பன் மோனாக்சைடு) அளக்கும்போது மட்டும் ஏர் பம்ப் ஹோஸைக் கழற்றி அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பம்ப் ஊதும் காற்று கலந்து சிஓ குறைவாகக் காட்டும், நீங்களும் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

இந்த மாடலில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே வார்ப்பு. சூட்டில் விரிசல் விடுவது இதற்கு வழக்கம், அதையும் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய எம்ஜிபிகள் நிறைய. அப்படிப்பட்ட காரில், பெரிதாக மாற்றியமைக்காத 40 வயது தாண்டிய கார்களுக்கு அங்கே எம்ஓடி (வருடாந்திர வாகனச் சோதனை) கட்டாயமில்லை என்பதால், எஸ்யூவுக்கு மாறலாம். கார்புரேட்டர் மட்டும் வாங்கினால் போதாது. பழைய மாடலின் தனித்தனி இன்லெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள், அதற்கேற்ற முன் எக்ஸாஸ்ட் பைப், ஹீட் ஷீல்டு எல்லாம் வேண்டும். பம்ப்பை எடுத்தால் சிலிண்டர் ஹெட்டில் காற்று வந்த 4 துளைகளையும் 7/16 யுஎன்எஃப் போல்ட்டால் அடையுங்கள்.

அப்போதும் சார்கோல் கேனிஸ்டரை எடுக்காதீர்கள். பெட்ரோல் டேங்க் அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது, டேங்க் மூடியில் துளை கிடையாது. அந்தக் குழாயை அடைத்துவிட்டால் சில மைல் ஓடியபின் பெட்ரோல் வராமல் கார் நிற்கும். அப்போது டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும்.