ஜாக்கி சானின் எண்பதுகள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

1980 முதல் 1989 வரை வந்த ஹாங்காங் படங்கள் மட்டும். முன்கூட்டியே ஒரு வேண்டுகோள்: சண்டையை மட்டும் வெட்டிப் போட்ட துண்டு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். சண்டைக்கு முன்னால் வரும் பத்து நிமிடத்தில்தான் சிரிப்புக்கு மருந்து வைத்திருப்பார்கள்.

நள்ளிரவு டிவிடி: ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம் சார்?

'புராஜெக்ட் ஏ' (1983). கடற்கொள்ளையரைப் பிடிக்கப் போகும் கடலோரக் காவல்படைக் கதை. சந்துகளில் சைக்கிள் துரத்தல் வரும், அதைத் தவறவிடாதீர்கள். பிறகு மணிக்கூண்டு. கடிகார முள்ளில் தொங்குவது 1923இலேயே 'சேஃப்டி லாஸ்ட்' படத்தில் மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாயிட் செய்ததுதான். லாயிட் தொங்கினார், ஜாக்கி விழுந்தார். இரண்டு துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரைக்கு வருகிறார். அது போதாதென்று அந்த விழுதலைப் படத்தில் இரண்டு தடவை காட்டுகிறார்கள். 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் சுவர் சாயும் காட்சி இன்னொரு மௌனப்பட நகைச்சுவை நடிகரான பஸ்டர் கீட்டனுக்கு ஜாக்கி வைத்த வணக்கம்.

சேலம் வாசி: எல்லா ஸ்டன்டும் டூப் இல்லாமல் அவரேதான் செய்தாரா?

பெரிய விழுதல்கள், சண்டைகள், ஆமாம். எல்லாமே என்றால், இல்லை. 'போலீஸ் ஸ்டோரி'யில் (1985) மோட்டார் சைக்கிளோடு கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருபவர் பிளாக்கி கோ, வாகன வித்தையில் கெட்டிக்காரர். அதில் ஜாக்கிக்கு ஒன்றும் கௌரவக் குறைவு இல்லை.

கண்ணாடிக் கதை: அந்தப் படத்தில் கம்பத்தில் சறுக்கி வருவாரே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக?

வணிக வளாகத்தின் மேல்மாடியிலிருந்து தாவி, அலங்கார விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். குறைந்த மின்னழுத்த பேட்டரியில் எரிய வேண்டிய விளக்குகள் நேரடி மின்சாரத்தில் எரிந்துகொண்டிருந்தன. உள்ளங்கை வெந்தது, முதுகிலும் இடுப்பிலும் அடி. கண்ணாடி அவ்வளவு நொறுங்கியதால் படக்குழுவே அதை 'கிளாஸ் ஸ்டோரி' என்றுதான் கூப்பிட்டது.

ஆனால் எனக்கு அதே படத்தில் பிடித்தது வேறு. ஆளில்லாத காவல் நிலையத்தில் நாலைந்து தொலைபேசிகள் ஒரே சமயத்தில் அலற, கம்பிகளில் சிக்கிக்கொண்டு, பென்சிலைக் குச்சியாக்கி நூடுல்ஸ் தின்றபடி பதில் சொல்வார். இன்னொன்று, சாணியில் மிதித்துவிட்டு மூன்வாக் ஆடியே ஷூவைத் துடைப்பார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, அதனால் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

தாவும் புலி: தல எல்லா ஸ்டன்டும் சொந்தமா பண்ணாரா?

சேலம்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

முடி ஆராய்ச்சி: 'ஆர்மர் ஆஃப் காட்' படத்தில் முடி ஒரு காட்சியில் குட்டை, ஒரு காட்சியில் நீளம். ஏன்?

நல்ல கண் உங்களுக்கு. யூகோஸ்லாவியாவில் சுவரிலிருந்து மரத்துக்குத் தாவும்போது கிளை ஒடிந்து, கீழே பாறையில் தலை மோதி மண்டை ஓடு உடைந்தது. அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியபோது இயக்குநர் எரிக் சாங் இல்லை, ஜாக்கியே படத்தை முடித்தார். முதலில் எடுத்தது குட்டை முடி, பிறகு எடுத்தது நீள முடி.

ஒரிஜினல் பிரியன்: தமிழ் டப்பிங்கில் பார்ப்பது பாவம் இல்லையா?

அந்தக் காலத்து ஹாங்காங் படங்களைப் பெரும்பாலும் ஒலி இல்லாமல் எடுத்துப் பிறகு குரல் கொடுத்தார்கள். நீங்கள் பெருமையாகக் கேட்கும் ஹாங்காங் மொழியான கண்டோனீஸும் டப்பிங்தான். வெட்டாத பிரதியா என்று பாருங்கள், அதுதான் முக்கியம்.

குண்டு அண்ணன் கட்சி: ஜாக்கியின் மிகச் சிறந்த சண்டை 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்' (1984). இயக்கியது எங்கள் குண்டு அண்ணன், நடிகர்-இயக்குநர் சாமோ ஹங். அப்படியென்றால் மேதை யார்?

வந்துவிட்டீர்களா! பார்சிலோனாவில் எடுத்த படம். எதிராளி பென்னி உர்கிடெஸ், நிஜ கிக்பாக்ஸிங் வீரர். அவர் விட்ட உதையின் காற்றில் வரிசையாக மெழுகுவத்திகள் அணையும். சாமோவுக்குக் கேமராவை எங்கே வைப்பது என்று தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஜாக்கிக்கு அடி வாங்கத் தெரியும். அந்தச் சண்டையில் பாதி நேரம் தோற்கிறார், நடுவில் உடம்பைத் தளர்த்திக்கொண்டு ஏதோ பயிற்சிக்கு வந்தவர்போல மறுபடி தொடங்குகிறார். அந்த முகம்தான் சிரிப்பு. அதை இயக்குநர் சொல்லிக் கொடுக்க முடியாது.

குண்டு அண்ணன் கட்சி: சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்! இருவரும் படித்தது ஒரே பீக்கிங் ஓபரா (பாட்டும் குட்டிக்கரணமும் சண்டையும் கலந்த சீன நாடகம்) பள்ளி, சாமோ மூத்த மாணவர்.

யூ ஜிம்-யுவென் வாத்தியாரிடம் பிரம்படி வாங்கியது இருவரும்தான், அவர்களோடு நடித்த யுவென் பியாவும் சேர்த்து. மூத்தவர் என்பதற்காக மேதைப் பட்டம் கொடுக்க முடியாது.

மூன்றாவது ஆள்: இரண்டு பேருமே யுவென் பியாவை மறந்துவிட்டீர்கள்.

மறக்கவில்லை. மூவரில் உடம்பு மிக லேசானது அவருக்குத்தான். 'டிராகன்ஸ் ஃபாரெவர்' (1988) பாருங்கள். வழக்கறிஞர் ஜாக்கி வீட்டுக்கு ஒரு பெண் விருந்துக்கு வந்திருக்க, பின்னால் சாமோவும் பியாவும் உருண்டு புரள்கிறார்கள். அவளுக்குத் தெரியாமல் இருவரையும் அடக்கியாக வேண்டும். மூவரும் சேர்ந்து நடித்த கடைசிப் படம் அது. அதை இயக்கியதும் சாமோதான், ஐயா, நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

பாப்கார்ன்: 'ரஷ் ஹவர்' எப்படி?

1998. அடுத்தவர்.

எலும்பு கணக்கு: மொத்தம் எத்தனை எலும்பு முறிந்தது?

எண்ணவில்லை, எண்ணவும் மாட்டேன்.

அமைதியானவர்: 'மிராக்கிள்ஸ்' பற்றி யாருமே கேட்கவில்லையே?

1989. ஃபிராங்க் காப்ரா 1933இல் 'லேடி ஃபார் எ டே' என்றும், 1961இல் திரும்பவும் எடுத்த அதே கதை. பூ விற்கும் அம்மாவைச் சீமாட்டியாக்கும் ரவுடி ஜாக்கி, பக்கத்தில் பாடகி-நடிகை அனிதா முய். கடைசியில் கயிற்றுத் தொழிற்சாலைச் சண்டை. கேமரா நகர்வதிலேயே ஓர் இயக்குநரின் ஆசை தெரியும். இயக்கியது ஜாக்கி.

குண்டு அண்ணன் கட்சி: அதில் மெழுகுவத்தி அணையவில்லையே?

வேறு யாராவது கேளுங்கள்.