டப்பிங் தானேன்னு விட முடியல

கேள்வி: செர்கேய் பொந்தர்சுக் எடுத்த 'டான் நதி அமைதியாக ஓடுகிறது' டிவி தொடர்ல ஹீரோவா இங்கிலாந்து நடிகர் ரூபர்ட் எவரெட்ட போட்டதுக்கு ரஷ்யாவுல ஒரே திட்டாமே? கடைசில ரஷ்ய மொழில டப்பிங் பண்ணித்தானே காட்டுனாங்க, நடிகர் எந்த ஊர்க்காரரா இருந்தா என்ன? காசுக்காக நாவல வித்துட்டாருன்னு பொந்தர்சுக்க சொல்றது நியாயமா?

பதில்: நடிகர் எந்த ஊர்க்காரரா இருந்தா என்னன்னு கேட்டதுக்கு, இருக்குங்க, நிறைய வித்தியாசம் இருக்கு. பொந்தர்சுக் நாவல வித்துட்டாருங்கறதுக்கு, நியாயமே இல்ல.

இந்தத் தொடருக்கு மூலம் ரஷ்ய எழுத்தாளர் ஷோலகோவோட நாவல், அதோட முதல் பாகத்துல ஒரு புல்லறுப்பு வரும். ஹீரோ கிரிகோரி நின்ன வாக்குல நீட்டுப்பிடி அரிவாள வீசி வீசி அறுத்துட்டு போறான், புல்லுக்குள்ள இருந்த காட்டுவாத்துக் குஞ்சு ஒண்ணு அரிவாள்ல மாட்டி ரெண்டா போயிடுது. அத உள்ளங்கையில எடுத்து வச்சு பாக்கறான், இன்னும் சூடு ஆறல, தொறந்த அலகுல ஒரு சொட்டு ரத்தம், திடீர்னு அவனுக்கு தாங்க முடியாத இரக்கம் வருது. அவ்ளோதான் சீன். ஆனா அதுக்கப்புறம் அதே கை முதல் உலகப்போர்ல ஒரு ஆஸ்திரியாக்காரன வெட்டுது, உள்நாட்டுப் போர்ல சிவப்பு (கம்யூனிஸ்ட்) பக்கம் நிக்குது, அவங்களுக்கு எதிரான வெள்ளை பக்கம் போகுது, 1919 கலகத்துல ஒரு டிவிஷனயே நடத்துது, சிவப்புத் தளபதி புத்யோன்னியோட குதிரைப்படைல சேருது, கடைசில கொள்ளைக்கூட்டம் வரைக்கும் போயிடுது. காதலி அக்ஸின்யா குண்டடிபட்டு செத்ததும் அவளுக்கு குழி தோண்டறதும் அந்தக் கைதான், அதுவும் வாளால. விவசாயம் பண்ண கை, பண்ணவே வேணாம்னு நெனச்சதயெல்லாம் பண்ணுது, அதான் மொத்த நாவலும். அந்தக் கைய எந்த டப்பிங் குரலும் கொண்டுவர முடியாதுங்க.

எவரெட் மோசமான நடிகர்னு நான் சொல்லல. ஆனா படத்தையே இங்கிலீஷ்ல எடுத்துட்டாங்க, வாய் ஒரு மொழிக்கு அசையுது, குரல் வேற மொழில வருது, டான் கரைல விவசாயமும் குதிரைப்படை சேவையுமா வாழ்ந்த கொசாக்குகளோட பேச்சுல இருக்கற அந்த முரட்டு ருசி சுத்தமா போயிடுச்சு. அக்ஸின்யாவா வந்தது பிரெஞ்சு நடிகை, கிரிகோரியோட அப்பா பந்தெலெய்யா வந்தது அமெரிக்காவோட எஃப். முர்ரே ஆபிரகாம். ஒரே வீட்டு ஆளுங்கன்னு நம்பவே முடியல, இந்தக் கதைல வீடு போச்சுன்னா அப்புறம் என்ன மிச்சம் இருக்கு சொல்லுங்க?

இப்ப பொந்தர்சுக் விஷயம். அவர் வளந்தது எய்ஸ்க், தாகன்ரோக் பக்கம், நடிப்பு படிச்சது டான் கரைல இருக்கற ரொஸ்தோவ்ல. டைரக்டரா அவரோட முதல் படமே (1959) ஷோலகோவ் கதைதான், 1975லயும் ஷோலகோவ்கிட்டதான் திரும்பி வந்தாரு. டான் மண்ணு அவருக்குத் தெரியாதுன்னு சொன்னா எனக்கு கோவமே வருது. சோவியத் ஒன்றியம் கலைஞ்சு போன நேரம், 1992ல, இவ்ளோ பெரிய படத்துக்கு உள்ளூர்ல காசு எங்க இருந்து வரும்? இத்தாலிய தயாரிப்பாளர் பணம் போட்டாரு, வெளிநாட்டு மார்க்கெட்டுக்காக வெளிநாட்டு முகம் வேணும்னாங்க, இவரும் ஒத்துக்கிட்டாரு. அது தப்பான முடிவுதான், எடுத்தது அவர்தான், அத நான் மறைக்கல. ஆனா விக்கறவன் இப்படி தவிக்க மாட்டான். தயாரிப்பாளர் திவாலாகி, எடுத்த பிலிம் மொத்தமும் இத்தாலில ஒரு பேங்க்ல முடங்கிடுச்சு, 1994 அக்டோபர்ல அவர் இறந்தப்போ படம் அவர் கைல இல்ல. அப்புறம் மகன் ஃபியோதர் அத முடிச்சு 2006 நவம்பர்ல ரஷ்யாவோட 'சேனல் ஒன்' டிவில ஏழு எபிசோடா வந்துச்சு. நம்ம பாக்கறது டைரக்டர் கடைசியா உக்காந்து வெட்டி ஒட்டுன படம் இல்லங்க, அத மறந்துட்டு அவர ஏசறது பாவம்.

நல்ல கிரிகோரிய பாக்கணும்னா 1957-58ல கெராசிமோவ் எடுத்த மூணு பாக சினிமால பியோத்தர் கிளெபோவ் இருக்காரு, எனக்கு இன்னிக்கும் கிரிகோரின்னா அந்த முகம்தான். டிவிதான் வேணும்னா 2015ல ஊர்சுல்யாக் எடுத்த 14 எபிசோட் இருக்கு, யெவ்கேனி த்காச்சுக் சின்ன உருவம்தான், ஆனா வேலை செஞ்ச உடம்பு மாதிரி இருக்கும், மகோவெத்ஸ்கி அப்பாவா வர்ற ஒவ்வொரு சீன்லயும் அந்த வீட்டுல ஒரு குடும்பம் குடியிருக்குதுன்னு தோணும். இதெல்லாம் பாத்துட்டு பொந்தர்சுக்கோடதுக்கு வாங்க, குதிரைப்படை கிளம்பற இடத்துல சத்தத்த மட்டும் அணைச்சுட்டு பாருங்க. அங்க அவர் இருக்காரு.