வெளிநாட்டில் வாழ்ந்து வேலை செய்வதில் அன்றாடம் எரிச்சலூட்டுவது எது, மகிழ்ச்சி தருவது எது?

நான் காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளையில், அதாவது நிலத்துக்குள்ளேயே இருக்கும் வீட்டில், பிறந்து வளர்ந்தவள். கோவையில் இயந்திரப் பொறியியல் படித்து, அங்கேயே ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2018 முதல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். இப்போது நான்கு வார விடுப்பில் ஊருக்கு வந்திருப்பதால், கட்டுத்தரைக்கு எதிரே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுத நேரம் கிடைத்திருக்கிறது. குளிரைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். என் அனுபவத்தில் அங்கே எரிச்சலூட்டுவதும் மகிழ்ச்சி தருவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் வருகின்றன: அங்கே காரியங்கள் தாளில் எழுதியபடி நடக்கின்றன, ஆளைப் பார்த்து நடப்பதில்லை.

குடியேறிய முதல் மாதமே இது எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் ‘கேர்வோஹே’ என்றொரு வழக்கம் உண்டு. அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுப் படிக்கட்டையும் நடைபாதையையும் குடியிருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு வீட்டார் என முறைவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். யாருடைய முறையோ அவர்கள் கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். என் கதவில் அது தொங்கிய முதல் சனிக்கிழமை, ஊரில் வாசல் தெளித்த பழக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை மேல்படியிலிருந்து ஊற்றிவிட்டேன். படிகள் மரத்தாலானவை என்பதை ஊற்றிய பிறகுதான் கவனித்தேன். கீழ்வீட்டு மூதாட்டி வெளியே வந்து பார்த்தார், திட்டவில்லை. ஒரு துணியைக் கொண்டுவந்து, எவ்வளவு ஈரம் இருக்கும்படி பிழிய வேண்டும், கைப்பிடியை எப்போது துடைக்க வேண்டும் என்று முழுப் பாடமே நடத்திவிட்டுப் போனார். அடுத்த முறை நான் ஒரு மூலையை விட்டுவிட்டதைச் சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் செருகியிருந்தார். நேரில் சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று அன்று முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஆனால், கூட்டிய வாசலைப் பார்த்து வீட்டையே எடைபோடும் எங்கள் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) அவரை மிகவும் பிடித்திருக்கும். அந்த வட்டாரத்துச் சுவாபியர்களைக் கஞ்சர்கள் என்று பிற ஜெர்மானியர்கள் கேலி செய்வார்கள். கொங்கு நாட்டாரைப் பற்றி வெளி மாவட்டத்தார் சொல்வதும் ஏறக்குறைய அதுதான் என்பதால், அந்தக் கேலியை முதன்முதலில் கேட்டபோது எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது.

வேலையிடத்தில் என்னை மிகவும் படுத்தியது ஒரே ஒரு சொல். நம்முடைய நீ, நீங்கள் போலவே ஜெர்மன் மொழியிலும் ‘டூ’, ‘ஸீ’ என இரண்டு உண்டு. மரியாதைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளிவிடலாம் என்று எண்ணிப் போனவளிடம், இந்தப் பிரிவில் எல்லோரும் ‘டூ’தான், பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நடக்கப் பழகும் குழந்தையைக்கூட ‘வாங்க சாமி, சாப்புடுங்க’ என்று அழைக்கும் ஊரில் வளர்ந்த நாக்கு, என் அப்பாவைவிட மூத்தவரான மேலாளரிடம் ‘நீ இந்த வரைபடத்தைப் பார்த்தாயா’ என்று கேட்க மறுத்துவிட்டது. ஏறத்தாழ ஓராண்டு, அவரை எந்தச் சொல்லாலும் அழைக்காமல், ‘வரைபடம் பார்க்கப்பட்டதா’ என்று செயப்பாட்டுவினையிலேயே ஒப்பேற்றினேன்.

அதே மேலாளர் ஒரு கூட்டத்தில், நான் வரைந்த பம்ப் உறையின் சுவர்த் தடிமன் போதாது என்பதை ஒன்பது பேர் முன்னிலையில் ‘இது தவறு’ என்று இரண்டே சொற்களில் சொன்னார். கழிப்பறையில் போய் அழுதேன். மூன்று மணிக்கு எதுவுமே நடக்காதவர் போல் எனக்கும் சேர்த்துக் காப்பி எடுத்து வந்து, அந்தக் கணக்கை எப்படிப் போட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அடுத்த ஆண்டு அவர் வரைபடத்தில் ஓர் அளவுப் பிழையைக் கண்டு, நானும் எல்லோர் முன்னிலையிலும் ‘இது தவறு’ என்றேன். நன்றி சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டார். கோவையில் இருந்த நான்கு ஆண்டுகளில் மேலே இருந்தவர்களின் பிழையை நான் ஒருமுறைகூட நேராகச் சொன்னதில்லை. ‘ஏனுங் சார், இத இப்படியும் பண்ணலாமுங்களா’ என்று சுற்றிவளைத்து, அவரே கண்டுபிடித்தது போல் ஆக்கிவிடுவதில் தேர்ந்திருந்தேன். அந்தத் திறமையெல்லாம் இப்போது சும்மா கிடக்கிறது.

விடுப்பும் அப்படித்தான். வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு சட்டப்படி குறைந்தபட்சம். என் நிறுவனம் 30 நாள் தருகிறது. விடுப்பின்போது காய்ச்சலில் படுத்து, மருத்துவச் சான்று கொடுத்தால், அந்த நாட்கள் விடுப்புக் கணக்கில் கழிவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் தம்பி இதை இன்றுவரை நம்பவில்லை.

அந்தத் தம்பியின் கல்யாணத்துக்குத்தான் என்னால் வர முடியாமல் போனது. 2022 ஆவணியில் முகூர்த்தம். நான்கு ஆண்டுகளுக்குக் கொடுத்திருந்த என் புளூ கார்டும் (அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டை) அதே சமயத்தில் காலாவதியாக இருந்தது. மூன்று மாதம் முன்னதாகவே விண்ணப்பித்துவிட்டேன். நான் குடியிருந்த நகரின் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்ற தானியங்கிப் பதிலைத் தவிர எதுவும் வரவில்லை. அட்டையின் காலம் முடிந்த பிறகு, இடைக்காலச் சான்று கையில் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால், அதே அட்டையைக் காட்டித் திரும்ப நுழைய முடியாது. விடியற்காலையில் அலுவலக வாசலில் போய் நின்றும் பார்த்தேன். முன்பதிவு இல்லாதவர்களிடம் பேச இயலாது என்று மிகுந்த பணிவோடு சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊராக இருந்தால் அந்த அலுவலகத்தில் யாருக்கு யார் சொந்தம் என்று அப்பா ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார். அன்று அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் நியாயம் அநியாயம் பார்த்திருக்க மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் இணையாக நின்று செய்யும் இணைச்சீர் எவ்வளவு பெரியது என்பதை எங்கள் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பதிலாகப் பெரியப்பா மகள் நின்றாள். இங்கே விடியற்காலை ஐந்து மணி, அங்கே இரவு ஒன்றரை. கைப்பேசித் திரையில், யாரோ ஒரு மாமாவின் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்தேன். முகூர்த்தம் முடிந்து நான்காம் நாள் சான்று தபாலில் வந்து சேர்ந்தது.

அதன் பிறகுதான் ஒழுங்காக ஜெர்மன் படித்தேன். புளூ கார்டு வைத்திருப்பவர் ஜெர்மன் மொழியில் பி1 எனும் இடைநிலைத் தேர்ச்சி பெற்றிருந்தால் 21 மாதத்திலேயே நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வேலையிடத்தில் ஆங்கிலமே போதும் என்று சோம்பியிருந்தது என் பிழை. தேர்ச்சி பெற்று, பட்டியலில் கேட்ட தாள்களை வரிசையாக அடுக்கிக் கொண்டுபோனபோது, அதே அலுவலகத்தில் 20 நிமிடத்தில் வேலை முடிந்தது. யாரையும் கும்பிடவில்லை, கட்டணத்துக்கு மேல் ஒரு காசும் கொடுக்கவில்லை. பட்டா மாறுதலுக்காக அப்பா எத்தனை நடை நடந்தார் என்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது சிறிய விஷயம் அல்ல. ஆனாலும் கல்யாண ஆல்பத்தை நான் இன்னும் முழுதாகப் புரட்டியதில்லை.

சில்லறை எரிச்சல்களும் உண்டு. வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணமாக மாதம் 18.36 யூரோ கட்டியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறப்பதில்லை, சத்தமும் கூடாது. கோவையில் வாங்கிச் சுமந்துபோன கிரைண்டர் அங்கே நன்றாகவே ஓடுகிறது. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக்குக்கு ஓர் இணைப்பி போதும். ஆனால் அதைச் சனிக்கிழமை பகலிலேயே ஓட்டி முடித்துவிட வேண்டும். மாவு புளிப்பதற்குக் குளிர்காலத்தில் அடுப்புப் பெட்டிக்குள் (ஓவனுக்குள்) அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு வைக்கிறேன். ஒருமுறை மட்டுமே பயன்படும் தண்ணீர்ப் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள். காலிப் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தபோது அப்பா அதை ஏதோ புதுமை போல் தொலைபேசியில் விவரித்தார்.

தொலைபேசி என்றதும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் நாலரை மணி நேரம், கோடையில் மூன்றரை மணி நேரம் நாங்கள் பின்தங்கியிருக்கிறோம். நான் வேலை முடித்து வீடு சேர்வதற்குள் அம்மா தூங்கிவிடுவார். எனவே மதிய உணவு இடைவேளையில்தான் பேச்சு. குளிர்காலத்தில் அப்போது இங்கே மாலைக் கறவை நேரம். அம்மா கைப்பேசியைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கறப்பார். நான் ரொட்டியைத் தின்றுகொண்டே, போசியில் பால் பீய்ச்சும் சத்தத்தையும், இடையிடையே எருமைக்கு விழும் திட்டையும் கேட்டுக்கொண்டிருப்பேன். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள் என்பது மட்டும் அம்மாவுக்குப் பிடிபடவே இல்லை. ‘மணிய எவங் கண்ணு மாத்துனான்’ என்று ஆண்டுக்கு இரண்டு தடவை கேட்பார்.

நம் நாட்டுச் சட்டமும் ஓர் எரிச்சலைத் தந்திருக்கிறது. எங்கள் தோட்டத்தை ஒட்டிய இரண்டு ஏக்கர் போன ஆண்டு விலைக்கு வந்தது. வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலத்தைப் பரம்பரைச் சொத்தாகப் பெறலாமே தவிர விலைக்கு வாங்க முடியாது. பெரும்பாலும் அந்த நிலத்தை எண்ணியே பணம் சேர்த்திருந்தேன். அது வேறொருவர் கைக்குப் போய், இப்போது கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள்; கட்டிலில் உட்கார்ந்தால் நேராகத் தெரிகிறது.

விடுப்பில் கிளம்பும்போது, இந்த நான்கு வாரத்துக்குள் வரும் என் கேர்வோஹே முறையைத் தானே செய்துவிடுவதாகக் கீழ்வீட்டு மூதாட்டி சொன்னார். மனம் நெகிழ்ந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதே, பதிலுக்கு நான் செய்ய வேண்டிய வாரத்தைத் தம் நாட்காட்டியில் எழுதிவிட்டு, எனக்கும் ஒரு சீட்டு கொடுத்தார். கடவுச்சீட்டுக்குள் வைத்திருக்கிறேன்.