ஆம்னியா, ஈகோவா? முதலில் வண்டியின் அடிவயிற்றைப் பாருங்கள்

கேள்வி: நானும் என் கணவரும் வலங்கைமான் பக்கம் சிறிய அளவில் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறோம். சாப்பாட்டைக் கொண்டுபோய் இறக்க ஒரு பழைய வேன் வேண்டும். நாகப்பட்டினம் பதிவில் 2011 ஆம்னி ஒன்று 1.4 லட்சத்துக்கும், கும்பகோணம் பதிவில் 2015 ஈகோ, ஐந்து சீட், 2.8 லட்சத்துக்கும் வந்திருக்கின்றன. அவர் ஆம்னி என்கிறார், நான் ஈகோ என்கிறேன். இருவருமே ஓட்டுவோம். எதை வாங்கலாம், எதைப் பார்த்து வாங்கலாம்?

பதில்: வீட்டுக்குள் ஈகோ வந்தால் சண்டை என்பார்கள். இந்த ஈகோ வரட்டும், என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் வண்டி சரியாக இருந்தால் மட்டும்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆம்னியை எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், பழைய சாமான் எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் இன்ஜின் 796 சிசி. சாதம், சாம்பார், அண்டா, அடுப்பு என்று ஏற்றிக்கொண்டு தினமும் போக ஈகோவின் 1.2 லிட்டர் இன்ஜின்தான் தோதானது. ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. அதோடு 2011-இல் பதிவான சொந்த வண்டிக்கு 15 ஆண்டு ஆர்.சி. (பதிவுச் சான்று) 2026-இல் முடியும். புதுப்பிக்கும் கட்டணமே 5,000 ரூபாய், பசுமை வரி தனி. ஆய்வில் தேறுவதற்குப் பார்க்க வேண்டிய டிங்கரிங் செலவையும் சேர்த்தால் 1.4 லட்சம் அதோடு நிற்காது.

நம் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் கிலோமீட்டரைக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, இந்த வண்டி எந்தத் தண்ணீரில் நின்றது என்று. டி.என். 51 என்றால் நாகப்பட்டினம். கடற்காற்று ஒரு பக்கம். அதைவிட மோசம், ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிய வேன். உருகிய உப்புத் தண்ணீர் தரையில் ஊறி ஊறி, மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே கீழே தகட்டை அரித்துவிடும். ஃப்ளோர் மேட்டைத் தூக்குங்கள். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் பேச்சையே நிறுத்திவிடலாம். சறுக்குக் கதவின் கீழ்த்தண்டவாளத்தில் துரு செதில் செதிலாக உரிகிறதா பாருங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் நல்லது. பட்டி பூசிய இடத்தில் அது பிடிக்காமல் நழுவும்.

இன்னொன்று வெள்ளம். நான் ஒருமுறை பார்த்த வேனில் சீட் கவர் புதுசு, உள்ளே நல்ல வாசனை. ஓட்டுநர் பெல்ட்டைச் சும்மா முழு நீளத்துக்கு இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில் கோடு போட்டது போல் வண்டல் மண் கறை. உள்ளே சுருண்டு கிடக்கும் அந்தப் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. விற்றவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்! நீங்களும் எல்லா பெல்ட்டையும் இழுத்துப் பாருங்கள்.

போவதற்கு முன்பே, நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு வண்டியிலும் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான். சீட்டைத் தூக்கிக் கைவைத்தால், ஸ்டார்ட் ஆகாத கோளாறை மறைக்க முன்பே சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்த காப்பி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், விட்டுவிடுங்கள். (இன்ஜின் சூடு சீட்டுக்கும் ஏறும். தயிரையும் மாவையும் முன்பக்கம் வைக்காதீர்கள், போய்ச் சேர்வதற்குள் புளித்துவிடும்.)

அப்புறம், காலி வண்டியை ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் நிரப்பிய கேன்கள் நாலைந்து ஏற்றுங்கள். டெல்டாவில் மேடு என்று சொல்ல ரயில்வே மேம்பாலமும் ஆற்றுக்கரை ஏற்றமும்தான். அங்கே மூன்றாவது கியரில் மிதித்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, விலையில் குறையுங்கள். இருவரும் தனித்தனியாக ஓட்டுங்கள். ஆம்னியில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, அந்த வருஷத்து ஈகோவிலும் இல்லை. வாய்க்கால் கரைச் சாலையில் எதிரே டிராக்டர் வந்து, பின்னால் எடுக்க வேண்டிய நேரத்தில்தான் அந்த கனம் தெரியும். வாங்கிய பிறகு ஒருவர் மட்டுமே ஓட்டும் வண்டியாகிவிடக் கூடாது. ஓட்டிப் பார்க்கும்போது பிடித்திருந்தாலும் விற்பவர் முன்னால் இருவரும் முகத்தில் காட்டிக்கொள்ள வேண்டாம்.

காகிதத்துக்கு அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு ஆர்.சி., காப்பீடு, கடன் விவரம், அபராத பாக்கி எல்லாம் பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வந்த பிறகே முழுப் பணம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் வெறும் கையெழுத்து வாங்கிவைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுவது இங்கே சகஜம், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். விற்றவருடைய நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது. வெள்ளை போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்ததை, வாடகைக்கு ஓட்டினாலும் சிக்கல்தான், விபத்தானால் காப்பீடு கைவிரித்துவிடும்.

ஆர்.சி. யார் பெயரில்? உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயரும் செல்லுபடியாகும் உரிமமும் உள்ளவருக்குத்தான் பொருந்தும். உங்கள் பெயரில் வாங்கி அவர் ஓட்டும்போது அடிபட்டால் அது அவருக்குக் கிடைக்காது. அதனால் அதிகம் ஓட்டப்போகிறவர் பெயரில் பதிந்துவிட்டு, மற்றவருக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.