மாமியாரின் முழங்காலும் தாமான் ஆலாம் நடைபாதையும்

கேள்வி: ஐயா, நாங்கள் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறோம். என் மாமியாருக்கு வயது 68. தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். இப்போது வலது முழங்காலில் தேய்மானம்; கைத்தடியோடு நடக்கிறார். பள்ளி விடுமுறையில் அவரையும் எட்டு வயது மகனையும் கோலசிலாங்கூர் தாமான் ஆலாமுக்கு அழைத்துப் போக ஆசை. வழிகாட்டியும் பெர்மிட்டும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று ஓர் ஏஜெண்டு சொல்கிறார். இயற்கை நடை, குரங்குத் தீனி, கழுகுத் தீனி, மின்மினி, ஸ்கை மிரர் எல்லாம் ஒரே நாளில், தலைக்கு 180 வெள்ளியாம் (ரிங்கிட்). 100 வெள்ளி முன்பணமும் கொடுத்துவிட்டேன். மாமியாருக்கு ஏற்ற பாதை எது? பாம்பு இருக்குமா?

பதில்: முழங்காலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஏஜெண்டு அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கமாட்டார்.

தாமான் ஆலாமில் மலையேற்றம் கிடையாது. மாநில அரசும் மலேசிய இயற்கைச் சங்கமும் சேர்ந்து 1987இல் தொடங்கிய சின்னஞ்சிறு காடு அது. புக்கிட் மெலாவத்திக் குன்றின் அடிவாரத்தில், டவுனை ஒட்டியே இருக்கிறது. கடல்நீர் உள்ளே ஏறாமலிருக்க முன்பு நீளமாக ஒரு மண் கரை போட்டார்கள். கரைக்கு உள்பக்கம் அத்தி, நீர்ப்பருத்தி என்று தரைக்காடு. அதற்குள் பறவைகளுக்காக வெட்டிய உவர்நீர் ஏரி. வெளிப்பக்கம் பக்காவ், அப்பி-அப்பி மரங்கள் நிற்கும் சேற்றுக்காடு, அதற்கப்பால் கடல். உங்களுக்குத் தேவையான புவியியல் இவ்வளவுதான். கரைக்கு உள்ளேயும் கரைமேலும் நடந்தால் சமதரை. தோட்டத்தில் வாய்க்காலோரத்து வண்டிப்பாதையில் நடப்பது போலத்தான். கரையைத் தாண்டி வெளியே போனால் மரப்பலகை நடைபாதை.

உங்கள் மாமியார் போக வேண்டியது உள்பாதை. வாசலிலிருந்து காட்டு நிழலில் ஏரிப் பக்கம் போய், கரைமேல் ஏறி, கொஞ்ச தூரம் காற்று வாங்கிவிட்டு, வந்த வழியே திரும்புங்கள். முழுச் சுற்று வேண்டாம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு வலி போகும்போது தெரியாது, திரும்பும்போதுதான் தெரியும். ஆகவே ‘இன்னும் நடக்கலாம்’ என்று அவர் சொல்லும்போதே திரும்பிவிடுங்கள். கையோடு மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துப் போங்கள். உட்காரும் இடம் தேவையான இடத்தில் இருக்கும் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். கழிவறை வேலையை வாசலிலேயே முடித்துவிடுங்கள். கண்காணிப்புக் கோபுரத்துப் படிகள் மகனுக்கு மட்டும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் முழங்காலின்மேல் உடம்பின் பாரம் அதிகமாக விழுகிறது.

பலகைப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புக்காற்றிலும் சேற்று ஈரத்திலும் பலகை அழுகும், ஆணி துருப்பிடிக்கும், மேலே பாசி படரும். அது இயற்கை. பாதை திறப்புவிழாவுக்கு நாடா வாங்கப் பணம் இருக்கும், ஐந்து வருடம் கழித்து ஒரு பலகை மாற்றப் பணம் இருக்காது. இது இந்த நாட்டுக்கே உரிய இன்னோர் இயற்கை. காடு ஓர் இலாகா, விலங்கு ஓர் இலாகா, ஆறு இன்னோர் இலாகா. உடைந்த பலகையைப் பற்றி யாரிடம் சொல்வது என்று கண்டுபிடிக்கத்தான் உண்மையில் வழிகாட்டி தேவை. போகும் நாளன்று பலகைப் பாதை திறந்திருக்கிறதா என்று வாசல் முகப்பிடத்தில் கேளுங்கள். திறந்திருந்தாலும் கைத்தடிக்காரருக்கு அது வேண்டாம். தடியின் நுனி பலகை இடுக்கில் சிக்கும். முந்தின இரவு மழை பெய்திருந்தால் மண் பாதையும் வழுக்கும், வேறொரு நாள் போங்கள்.

பாம்பு இருக்குமா என்றால், இருக்கும். சேற்றுக்காட்டில் குழிவிரியன் வகை ஒன்று உண்டு, விஷமுள்ளது. பகலில் கிளையிலோ வேரிலோ சுருண்டு அசையாமல் கிடக்கும், ஆளைத் துரத்தி வராது. ஆபத்து எப்போதென்றால், பார்க்காமல் கிளையையோ கைப்பிடிக் கம்பியையோ பற்றும்போது. திறந்த கரைமேல் நடுப்பாதையில் நடப்பவர் அதற்குப் பயப்படத் தேவையில்லை. கொசுவுக்குப் பயப்படுங்கள். முழுக்கை, முழுக்காற்சட்டை, கொசு மருந்து மூன்றும் கட்டாயம். மாலை ஐந்து மணிக்குமேல் ஏரிப்பக்கம் நிற்காதீர்கள்.

இனி அந்த ஏஜெண்டு. இவரைப் போன்றவர்களின் கதையை எனக்கு மனப்பாடமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘பெர்மிட் வேண்டும்’ என்பது முழுப்பொய் இல்லை, அரைப்பொய். அதனால்தான் எடுபடுகிறது. உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ராஜா மூசா வனக்காப்பகம் இருக்கிறது. அது வனத்துறைக்குக் கீழ் வரும் காட்டு ஒதுக்கீடு. அங்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவது குற்றம். அதற்குக் காரணமும் உண்டு. அது கரிச்சதுப்புக் காடு. முழுதாக அழுகாத இலையும் கட்டையும் ஆயிரக்கணக்கான வருடங்களாக அடுக்கடுக்காகச் சேர்ந்த மண். வெயில் காலத்தில் நீர்மட்டம் இறங்கினால் அந்த மண்ணே எரியும். மேலே அணைத்தாலும் அடியில் புகைந்துகொண்டே போகும். வாரக்கணக்கில் ஊரே புகையில் மூச்சுத்திணறியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு சிகரெட் துண்டு போதும். அதனால் ‘பக்கத்திலேயே காடு இருக்கிறதே, பிள்ளையை அங்கே காட்டிவிட்டு வரலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செம்பனைத் தோட்டத்துச் சாலை வழியாகப் போனால் தடுக்க ஆளில்லை என்பதும் காரணமாகாது. இதுபோன்ற வனக்காப்பகங்களில் மலையேற விரும்புகிறவர்களும் அனுமதி வாங்க வேண்டும்; பல இடங்களில் வனத்துறைப் பயிற்சி பெற்ற ‘மாலிம் குனோங்’ எனப்படும் வழிகாட்டி உடன்வர வேண்டும். ஏஜெண்டு அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தாமான் ஆலாம் வாசலில் மாட்டுகிறார். தாமான் ஆலாம் பொதுமக்கள் வந்து போகும் பூங்கா. வாசலில் சில வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும். மூன்று பேருக்கு 540 வெள்ளி வேண்டியதில்லை.

வழிகாட்டியே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. பறவைகளின் பெயரெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நல்ல வழிகாட்டிக்குக் கூலி கொடுப்பது தகும். சுற்றுலா அமைச்சு இயற்கை வழிகாட்டிகளுக்குப் பச்சை பேட்ஜ் கொடுக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். ‘பேட்ஜ் வீட்டில் இருக்கிறது’ என்றால், அவரும் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஐந்து காட்சியையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்கிறாரே, கடலும் நிலவும் அவர் சொல்படி நடக்கின்றனவா? ஸ்கை மிரர் என்பது கடலுக்குள் இருக்கும் மணல்திட்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் நீர் நன்றாக வற்றும்போது மட்டும் தலைகாட்டும். மற்ற நாளில் கூட்டிப்போனால் சேறுதான், கண்ணாடி இல்லை. விரைவுப் படகில் குலுங்கிப் போய் நீருக்குள் இறங்க வேண்டும். தேய்ந்த முழங்காலுக்கு அது நல்லதல்ல. கழுகுத் தீனி என்பது படகிலிருந்து கோழித்தோலை வீசிப் பருந்துகளை வரவழைக்கும் வேடிக்கை. மீன் பிடிக்க வேண்டிய பறவையைப் பிச்சைக்குப் பழக்குகிறார்கள். அதற்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டாம்.

குரங்குத் தீனியை இன்னும் கடுமையாகவே சொல்வேன். புக்கிட் மெலாவத்தியில் இரண்டு வகைக் குரங்குகள். சாம்பல் நிறத்தில் கொண்டை வைத்தது போலிருப்பது லோத்தோங்; அது சாதுவானது. இலைதான் அதன் உணவு. இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும்படி அதன் வயிறு பல அறைகளாக அமைந்திருக்கிறது. அதில் ரொட்டியையும் பிஸ்கட்டையும் போட்டால் புளிப்பு தலைகீழாகி நோய்தான் வரும். மற்றது கெரா, நீண்ட வால்காரன். இதற்குப் பிளாஸ்டிக் பைச் சத்தம் கேட்டால் போதும், பை உங்களிடம் இருக்காது. கைத்தடியோடு நிற்கும் பெரியவர்கள் கையில் தின்பண்டப் பையைக் கொடுக்காதீர்கள். தண்ணீர், பழம் எல்லாம் ஜிப் வைத்த முதுகுப்பைக்குள். குரங்கு நெருங்கினால் ஓடவேண்டாம், பல்லைக்காட்டிச் சிரிக்கவும் வேண்டாம். அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள்.

மகனுக்கு லோத்தோங் குட்டியைத் தேடச் சொல்லுங்கள். சாம்பல் நிறத் தாயின் வயிற்றில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் போய்விடும். எட்டு வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய பரிசு அந்தக் காட்டில் இல்லை. கரையோரச் சேற்றில் நண்டும், துடுப்பால் ஊன்றித் தாவும் பெலாச்சாக் மீனும் வேண்டுமென்றால் நீர் வற்றிய நேரத்தில் போக வேண்டும். ஏரியில் பறவைக்கூட்டம் வேண்டுமென்றால் நீர் ஏறிய நேரம். சேறு மூழ்கும்போது கரைப்பறவைகள் உள்ளே ஒதுங்கும். வலசைப் பறவைகள் ஏறத்தாழ செப்டம்பரிலிருந்து மார்ச் வரை இருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். கைப்பேசியில் கிள்ளான் துறைமுகத்தின் நீரேற்ற நேரத்தைப் பார்த்தால் இங்கே ஏறக்குறையப் பொருந்தும். எதுவானாலும் வாசல் திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் கரைமேல் நிழல் கிடையாது.

மின்மினி பார்க்க ஏஜெண்டு எதற்கு? கம்போங் குவாந்தான் நீங்கள் வீடு திரும்பும் பக்கம்தான். அங்கே துடுப்பு வலிக்கும் சம்பானில் ஏற்றிப்போய், பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுக்குவதைக் காட்டுவார்கள். ஆனால் படகில் இறங்க ஒரு கால் ஊன்றி மறுகால் வைக்க வேண்டும். அதைப் படகுத்துறையில் உங்கள் மாமியாரே பார்த்து முடிவு செய்யட்டும். முழு நிலவு இரவையும் மழை இரவையும் தவிருங்கள்.

கடைசியாக அந்த 100 வெள்ளி. சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணை அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். தொலைபேசியில் பேசாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும். பெர்மிட் கட்டாயம் என்று அவர் அனுப்பிய செய்தியையும் பணம் போட்ட ரசீதையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெர்மிட் தேவையில்லை என்று தெரிந்துவிட்டதால் பயணத்தை ரத்து செய்வதாகவும், பணத்தை ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்றும் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை, மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். மனுப் படிவத்தை நிரப்பி, அனுப்புவதற்கு முன் அதன் படத்தை அவருக்கு ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்; பலருக்குப் பணம் அந்தக் கட்டத்திலேயே திரும்பி வந்திருக்கிறது.