உறைந்த கருக்களை ஊர் மாற்றலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. மூன்று வருடங்களுக்கு முன் ஐவிஎஃப் சிகிச்சையில் உருவான நான்கு கருக்கள், நாங்கள் முன்பு இருந்த ஊரின் மருத்துவமனையில் உறைநிலையில் இருக்கின்றன. கணவரின் வேலை மாற்றத்தால் வெகுதூரம் வந்துவிட்டோம். இங்கே கிடைத்திருக்கும் டாக்டர், கருக்களை வரவழைத்துவிடலாம் என்கிறார். பழைய இடத்திலோ, "எடுத்துப் போங்கள், ஆனால் என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்கிறார்கள். வண்டி குலுங்கினால் கரு சிதைந்துவிடாதா என்று மாமியார் பயப்படுகிறார். என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம்

பதில்: மாமியாரின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பயம் உங்களுக்கும் இருக்கும் என்று எனக்கொரு சந்தேகம்!

குலுக்கலைப் பற்றிக் கவலை வேண்டாம். திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி குளிரில் கருவுக்குள் எந்த வேதிவினையும் நடப்பதில்லை. வளர்ச்சியும் இல்லை, தேய்வும் இல்லை. இப்போது பெரும்பாலான இடங்களில் விட்ரிஃபிகேஷன் என்ற அதிவேக முறையில்தான் உறைய வைக்கிறார்கள். ஐஸ் படிகம் உருவாக நேரமே கொடுக்காமல், கருவைச் சுற்றியுள்ள திரவம் கண்ணாடி போல இறுகிவிடும். அதைக் கெடுப்பது சூடு. நாம் நினைக்கும் சூடு இல்லை. மைனஸ் 130 டிகிரியை நெருங்கினாலே ஆபத்து ஆரம்பிக்கும்.

கருக்களைக் கொண்டுவரும் கலனை 'ட்ரை ஷிப்பர்' என்பார்கள். பெயரில் 'ட்ரை' (உலர்ந்தது) இருப்பதற்குக் காரணம், உள்ளே தளும்புகிற திரவமே இருக்காது. நுண்துளைகள் உள்ள ஒரு பொருள் நைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதன் ஆவியில்தான் கருக்கள் இருக்கும். விமானத்தில் இதை அனுமதிப்பதும் அதனால்தான். ஒழுங்காக நிரப்பிய கலனில் ஒரு வாரம் வரைக்கும் குளிர் நிற்கும், பெரிய கலன் என்றால் அதற்கு மேலும் தாங்கும். ஆனால் கலன் நிமிர்ந்தே இருக்க வேண்டும். படுத்துக் கிடந்தால் குளிர் சீக்கிரம் போய்விடும். ஆகவே கூரியர் நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே வெப்பநிலையைப் பதிவு செய்யும் டேட்டா லாகர் உண்டா, அந்தப் பதிவை உங்களுக்குத் தருவார்களா என்பது. இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். விமானம் என்றால், எக்ஸ்ரேயில் விடாமல் கையால் சோதிக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்வார்களா என்றும் கேளுங்கள். சில இடங்களில் கணவன் மனைவியே கலனைக் கொண்டுபோக விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செலவு மிச்சமாகும்தான், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாரத்தையும் நீங்களே சுமக்க வேண்டிவரும்.

என் கவலையெல்லாம் பயணத்தின் இரண்டு முனைகளைப் பற்றித்தான். கரு இருக்கும் மெல்லிய ஸ்ட்ராவைத் தொட்டியிலிருந்து கலனுக்கு மாற்றும் அந்தச் சில விநாடிகள், அதேபோல இங்கே வந்திறங்கும்போது. பல வகை ஸ்ட்ராக்களில் கரு இருப்பது ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான துளியில். வெளிக்காற்றில் அது மளமளவென்று சூடேறும். பழகிய கை வேண்டும்; ஸ்ட்ராவில் எழுதியிருக்கும் பெயரையும் எண்ணையும் இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், உருக்கும் முறை. உறைய வைத்தது ஒரு லேப், உருக்கப்போவது இன்னொரு லேப். எந்த நிறுவனத்தின் கரைசல், என்ன மாதிரி ஸ்ட்ரா, ஒரு ஸ்ட்ராவில் எத்தனை கரு, எத்தனையாம் நாள் கரு, என்ன தரம், உருக்கும் வரிசை என்ன - இவ்வளவும் எழுத்தில் வர வேண்டும். மெதுவாக உறைய வைக்கும் பழைய முறையில் வைத்திருந்தால் உருக்கும் விதமே வேறு. நல்ல லேபில், விட்ரிஃபிகேஷன் செய்த கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உருக்கிய பின்னும் பிழைக்கின்றன. அது பழகிய முறையில் கிடைத்த கணக்கு. அதனால் டாக்டர் "வரவழைக்கலாம்" என்றது மட்டும் போதாது. அவருடைய எம்ப்ரியாலஜிஸ்ட், அதாவது லேபில் கருக்களைக் கையாளும் நிபுணர், இந்த விவரங்களைப் படித்துப் பார்த்து, "எங்களுக்குப் பழக்கமான முறைதான்" என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் கூரியருக்கு ஒரு பைசா கட்டாதீர்கள்.

அப்புறம், இதை யாராவது உங்களிடம் சொன்னார்களா என்று தெரியவில்லை: கருக்கள் வராமல் நீங்கள் போகலாம். கர்ப்பப்பையைத் தயார் செய்யும் மாத்திரை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் இங்கேயே முடித்துக்கொண்டு, கருவை உள்ளே வைக்கும் நாளுக்கு மட்டும் பழைய ஊருக்குப் போய் வருகிறவர்கள் உண்டு. உறைய வைத்தவர்களே உருக்குவார்கள். இரண்டு டாக்டர்களும் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு கருதான் மிச்சம் என்றால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களிடம் நான்கு இருக்கின்றன, அந்த ஊருக்குத் திரும்பும் எண்ணமும் இல்லை என்று தெரிகிறது. கொண்டுவருவது நியாயம்தான். தனித்தனி ஸ்ட்ராவில் இருந்தால் இரண்டிரண்டாக அனுப்பலாமா என்று கேளுங்கள். செலவு இரட்டிப்பாகும், ஏதாவது நடந்தால் எல்லாம் ஒரே நாளில் போகாது.

பழைய மருத்துவமனை கேட்கும் கையெழுத்து வழக்கமான ஒன்றுதான், கோபப்பட வேண்டாம். ஆனால் "என்ன நடந்தாலும்" என்ற வாசகத்துக்கு அப்படியே கையெழுத்திடாதீர்கள். கலன் மூடப்படும் வரை பொறுப்பு அவர்களுடையது, சரியான ஸ்ட்ராவைத்தான் வைத்தோம் என்பதும் அவர்கள் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். வழியில் கூரியர், திறந்த பிறகு புதிய மருத்துவமனை. அங்கேயே விட்டுவைத்தால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம்: 2018 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரே வார இறுதியில் இரண்டு வெவ்வேறு மையங்களின் சேமிப்புத் தொட்டிகள் பழுதாகி, ஆயிரக்கணக்கான கருமுட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன.

உங்களுடையது நாட்டுக்குள்ளேயே நடக்கும் மாற்றமா என்று நீங்கள் எழுதவில்லை. எல்லை தாண்டுவதாக இருந்தால் சட்டம் வேறு மாதிரி. பிரிட்டனில் 2022 முதல், உரிய ஒப்புதலோடு கருக்களை 55 வருடம் வரை உறைநிலையில் வைத்திருக்கலாம். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் 10 வருடம் என்கிறது, வெளிநாட்டுக்கு எடுத்துப்போகத் தேசிய வாரியத்தின் அனுமதியும் கேட்கிறது. அனுமதி கையில் கிடைக்காமல் தேதி குறிக்காதீர்கள்.

உள்நாடு என்றால் வேலை கொஞ்சம் சுருக்கம், ஆனால் இந்தியாவுக்குள் மாற்றுவதற்கும் வாரியத்தின் அனுமதி வேண்டுமா என்று இரண்டு மருத்துவமனைகளிலும் கேட்டுக்கொள்ளுங்கள். சேமிப்புக் கட்டணப் பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். உங்கள் இருவருடைய எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனை முடிவுகளைப் புதிய இடம் கேட்கும். பழையது செல்லுமா, புதிதாக எடுக்க வேண்டுமா என்று இப்போதே விசாரியுங்கள். ஒப்புதல் படிவத்தில் கணவரும் கையெழுத்திட வேண்டும், பெரும்பாலும் அடையாள அட்டையோடு. அவர் வேலை விஷயமாக வெளியூர் போகிறவர் என்றால், கூரியர் தேதியை அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.